முழங்கையில் எதிர்ச்சுழி

கடையில் கொடுத்துத் தைத்தேன் என்று எதற்காகச் சொன்னார்? பேசாமல் இருந்திருந்தால் நானும் பார்க்காதவள் போலவே இருந்திருப்பேனே.

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் கையை மட்டும் நீட்டி அணைத்தாள். கண், ஜன்னலோர நாற்காலியின் முதுகில் தொங்கிய சாம்பல் நிற ஸ்வெட்டரை விட்டு நகரவில்லை.

அவர் திரும்பி வந்து ஒரு வாரமாகிறது. மகள் பள்ளிக்கூடப் பையோடு கையசைத்து அனுப்பிவைத்த நாளில் லிஃப்ட் மெக்கானிக் வேலைக்காகக் குளிர் ஊருக்குப் போனவர். முதலில் மாதம் தவறாமல் வந்தார். பிறகு வருஷத்துக்கு ஒருமுறை. அப்புறம் போனில் குரல் மட்டும் வந்தது. அதுவும் மெலிந்துகொண்டே போயிற்று. அந்த மகள் இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கூட வேலை பார்க்கிற பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள். அவனுடைய அப்பா அம்மா ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள். ‘நீங்க இருந்தே ஆகணும்ப்பா’ என்று அவள்தான் அவரைக் கூப்பிட்டாள்.

வந்த அன்று கதவைத் திறந்தபோது அவர் கதவு எண்ணைச் சரிபார்த்துக்கொண்டு நின்றார். ஒரு பெட்டி. நரைத்த புருவம். “இதே வீடுதானே?” என்று கேட்டுவிட்டு, கேட்டதற்காக அவரே வெட்கப்பட்டார்.

வந்த நாளிலிருந்து சும்மா உட்காரவில்லை. தாழ்ப்பாளுக்கு எண்ணெய் விட்டார். சொட்டிக்கொண்டே இருந்த குழாயை நிறுத்தினார். அந்தச் சத்தம் நின்ற பிறகு அவளுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை.

நேற்று சாயங்காலம் பெட்டியின் அடியிலிருந்து அந்த ஸ்வெட்டரை எடுத்து விரித்துக் காட்டினார். முகமெல்லாம் பெருமை.

“இது என்ன, சொல்லு பார்ப்போம்.”

சொல்ல என்ன இருக்கிறது? கல்யாணமான புதிதில் அவள் குரோஷே கொக்கி ஊசியால் பின்னியது. கழுத்திலும் மணிக்கட்டிலும் சிப்பி சிப்பியாகக் கரை. அந்தக் கரைக்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்க ஆயிற்று.

“கூட வேலை செய்யறவங்க எல்லாம் வருஷத்துக்கு ஒண்ணு புதுசா வாங்குவாங்க. நான் இதை விடல. ஒரு குளிர்காலம்கூட விடல.”

“பாத்தியாம்மா?” என்றாள் மகள். மகளின் கண் கலங்கியிருந்தது.

அவளும் பார்த்தாள். பொய் சொல்வானேன், அந்த ஒரு நிமிஷம் அவளுக்குள் ஏதோ இளகத்தான் செய்தது. தோளில் புதிதாக ஒரு கிழிசல். லிஃப்ட் கதவுக் கம்பியில் மாட்டிக்கொண்டதாம். ஞாயிற்றுக்கிழமைக்குள் தைத்துத் தர வேண்டுமாம். வாங்கித் திருப்பினாள். முழங்கையில் கட்டைவிரல் நின்றது.

“இங்கயும் கிழிஞ்சுதா?”

“ஆமா. கடையில குடுத்துத் தைச்சேன்.”

கிழிசல் தைப்பதுதான் அவள் தொழில் என்பதை அவர் மறந்திருக்க வேண்டும். அல்லது அவளுடைய விரல்களுக்கும் கண் உண்டு என்பது அவருக்குத் தெரிந்ததே இல்லையோ என்னவோ.

*

“அம்மா, பால் கீழ வழிஞ்சு தரையெல்லாம் போகுது.”

மகள் தலையைப் பின்னிக்கொண்டே வந்து துணியை எடுத்துத் துடைத்தாள். குளியலறையில் அவர் தண்ணீர் ஊற்றிக்கொள்ளும் சத்தம். ஒரு வீட்டில் ஆண் குளிக்கும் சத்தம் இவ்வளவு பெரிதாகவா இருக்கும்?

“ஸ்வெட்டரை இன்னிக்கு எடுத்துட்டுப் போறேல்ல?”

“ம்.”

“ஞாயித்துக்கிழமை அப்பா அதைத்தான் போட்டுக்கணும். அவனோட அம்மாகிட்ட நேத்தே போன்ல சொல்லிட்டேன்.”

“என்னன்னு?”

“எங்கம்மா பின்னின ஸ்வெட்டரைத்தான் எங்கப்பா இத்தனை வருஷமா போட்டுக்கிட்டிருக்கார்னு. அவங்க அழுதுட்டாங்கம்மா.”

“ஸ்வெட்டருக்கா?”

“உனக்கு எதுலயும் ஒரு குத்தல்.” மகள் பின்னலை இறுக்கினாள். பிறகு குரல் தாழ்ந்தது. “அவங்க கேட்டாங்கம்மா. உங்கப்பா ஏன் இவ்வளவு நாள் தனியா இருந்தார்னு. வேலைக்காகத்தான், வேற ஒண்ணுமில்லைன்னு சொல்லியிருக்கேன். அவங்க வீட்டுல இதெல்லாம் ரொம்பப் பார்ப்பாங்க. நீ அப்பா பக்கத்துல கொஞ்சம் சிரிச்ச முகமா உக்காந்தா போதும். எனக்காக.”

“நான் எப்ப மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்தேன்?”

“இப்ப.”

இருவருக்குமே சிரிப்பு வந்துவிட்டது. அதே நேரம் அவர் துவாலையோடு வந்து, “என்ன சிரிப்பு, என்கிட்டயும் சொல்லுங்க” என்றார். மகள் பின்னலுக்கும் அவள் அடுப்புக்கும் திரும்பிக்கொண்டார்கள். அவர் சிறிது நேரம் நின்று பார்த்துவிட்டு, ஜன்னல் கொண்டியை ஆட்டிப் பார்க்கப் போனார்.

பாவம் என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகத் தன் மேலேயே எரிச்சல் வந்தது.

*

சலவைக் கடையின் பின்னறையில் அவளுக்கென்று ஒரு மேசை, ஒரு விளக்கு. வெளுக்க வரும் துணியில் கிழிசல் இருந்தால் முதலாளி அதைத் தனியாக எடுத்து அவளிடம் அனுப்பிவிடுவார். பூச்சி அரித்த கம்பளி, நெருப்புப் பட்ட சால்வை, முட்டி தேய்ந்த குழந்தைக் கால்சட்டை. மற்றவர்கள் ஒட்டுத் துணி வைத்துத் தைப்பதை அவள் நூலிலேயே பின்னி அடைத்துவிடுவாள்.

பெரிய வித்தை ஒன்றும் இல்லை. ஓட்டையைச் சுற்றி ஊசி நூலால் ஒரு கரை கட்ட வேண்டும். அந்தக் கரைக்குள் குரோஷே ஊசியை விட்டு, நூலைக் கொக்கியில் இழுத்து, கண்ணி கண்ணியாகச் சுற்றி உள்ளே குறுக்கிக்கொண்டே வந்தால் ஓட்டை மூடிக்கொள்ளும். முடிகிற இடத்தில், தலையில் இருப்பது போலவே ஒரு சுழி விழும். அவளைப் போல வலது கைக்காரி போட்டால் அது ஒரு பக்கம் சுற்றும். இடது கைக்காரி போட்டால் எதிர்ப்பக்கம்.

விளக்கை இழுத்து ஸ்வெட்டரை உள்பக்கமாகத் திருப்பினாள்.

முழங்கையில் இருந்தது எதிர்ச்சுழி. ஒன்று அல்ல. நிறம் மங்கிய பழைய சுழியின் ஓரம் தேய்ந்த இடத்தில் அடுத்தது, அதன் ஓரத்தில் இன்னொன்று. எல்லாம் ஒரே கை. பல குளிர்காலங்கள். கடையில் கொடுத்திருந்தால் கழுத்துப் பட்டையின் உள்ளே அடையாள மையாவது இருக்கும். எந்தச் சலவைக் கடையும் அது இல்லாமல் துணியை வாங்குவதில்லை. இதில் சுத்தமாக ஒன்றுமில்லை. தவிரவும், எந்தக் கடை கிழிசலைத் தைத்ததோடு நிற்காமல் மணிக்கட்டுக் கரையில் உதிர்ந்துபோன சிப்பிகளை அதே மாதிரி பார்த்துப் பார்த்துத் திரும்பப் போட்டுக் கொடுக்கும்?

உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. அவள் போட்ட சிப்பிகள் ஒரு பக்கம் சாய்ந்திருந்தன. நடுவில் நாலைந்து மட்டும் மறுபக்கம் சாய்ந்து, ஆனால் அளவு பிசகாமல், வரிசையில் ஒட்டிக்கொண்டு நின்றன.

நல்ல வேலை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மட்டமான வேலையாக இருந்திருந்தால் மனசு ஆறியிருக்கும். நூலை முடித்த இடத்தைத் தேடினாள். முடிச்சைக் கண்டுபிடிக்க முடியவில்லை. அப்படி மறைத்திருந்தாள் அந்தப் பெண்.

கத்தரியின் நுனியைச் சுழியின் நடுவில் வைத்தாள். ஒரே ஒரு கண்ணி. வெட்டி இழுத்தால் அத்தனையும் பிரிந்து வந்துவிடும்.

கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டுக் கத்தரியை எடுத்துவிட்டாள்.

‘நீயும் வந்துடு’ என்று அவர் கூப்பிட்டார்தானே. ஒரு தடவையா இரண்டு தடவையா? முதலில் மாமியாருக்கு முடியாமல் இருந்தது; அது நிஜமான காரணம். மாமியார் போன பிறகு மகளின் பரீட்சை வந்தது. அது பாதி நிஜம். அதற்கப்புறம்? இந்த மேசையும் விளக்கும் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தன. குளிர் ஊரில் போய் யாரைத் தெரியும் என்று இருந்துவிட்டாள். ‘அடுத்த வருஷம் பார்க்கலாம்’ என்றே சொல்லிச் சொல்லி நாளை ஓட்டினாள். ஒரு கட்டத்தில் அவர் கூப்பிடுவதை நிறுத்தினார். நிறுத்திவிட்டார் என்பதை அவள் கவனிக்கவே சில மாதம் பிடித்தது.



தோள் கிழிசலுக்குச் சாம்பல் நூலைத் தேடி எடுத்து, கரை கட்டத் தொடங்கினாள்.

*

“அண்ணீ!”

துணி எண்ணிக்கொண்டிருந்த முதலாளி எண்ணிக்கையை விட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தார். நாத்தனார்தான். பஸ் கண்டக்டர். குடும்பத்தில் எல்லாருக்கும் அவள் ‘விசில்’.

“மெதுவா. இது பஸ் இல்ல.”

“மெதுவாப் பேசினா எனக்கே காது கேக்க மாட்டேங்குது அண்ணி.” விசில் யூனிஃபார்ம் சட்டையின் பையைக் காட்டினாள். தோளில் தொங்கும் டிக்கெட் பையின் வார் உரசி ஓரம் கிழிந்திருந்தது.

“போன மாசம்தானே தைச்சேன்?”

“நீங்க தைச்ச இடம் கல்லு மாதிரி இருக்கு. பக்கத்துல கிழிஞ்சிருக்கு. விடுங்க, எங்கண்ணன் எப்படி இருக்கார்?”

“உங்கண்ணனையே கேளேன்.”

“கேட்டேனே. ‘குழாய் சரியாயிடுச்சு’ங்கறார். நான் குழாயையா கேட்டேன்?” ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “வந்த மனுஷனை ஏத்துக்குங்க அண்ணி. கடைசி ஸ்டாப்பிங் வரைக்கும் போய்ப் பாத்துட்டுத் திரும்பிட்டார். இனி எங்க போயிடப் போறார்? புள்ளைக்கும் நல்ல காரியம் கூடி வருது.”

அவள் ஸ்வெட்டரின் கையை மேசை மேல் நீட்டி, முழங்கையைத் திருப்பி வைத்தாள்.

“அங்க இதைத் தைச்சது யாரு?”

ஊதுவதற்கு மூச்சை இழுத்துவிட்டு ஊதாமல் நிறுத்திக்கொண்டது போல விசில் ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டாள்.

“எனக்கென்ன தெரியும்னு சொல்ல வாய் வரமாட்டேங்குது அண்ணி.”

“எப்பலேர்ந்து தெரியும்?”

“அம்மா போனதுக்கப்புறம் நான் அங்க ஒருதரம் போனேன்ல. அப்ப.” சட்டைப் பையின் கிழிசலில் விரலை விட்டு நெருடினாள். “நீங்க ஒருதரம் கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். ‘அண்ணன் எப்படி இருக்கார், யார் சமைச்சுப் போடறா’ன்னு ஏதாவது. கேப்பீங்க, கேப்பீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க ‘பஸ் எல்லாம் கூட்டமா இருந்துதா’ன்னு கேட்டீங்க.”

அவளுக்கு அது நினைவிருந்தது.

“அதெல்லாம் முடிஞ்சுபோன கதை, அண்ணி.”

“முடிஞ்சுபோச்சா?”

கடைசிச் சுழியைக் கட்டைவிரலால் தடவினாள். கம்பளி நூல் நாலு தடவை துவைத்தால் பஞ்சு எழும்பிவிடும். இதில் இன்னும் எழும்பவில்லை. நூல் வழுவழுப்பாக, கடையிலிருந்து வந்த பளபளப்போடு இருந்தது. இந்தக் குளிர்காலத்து வேலை.

*

சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அவர் அலமாரிக் கதவைக் கழற்றிக் கீல் மாட்டிக்கொண்டிருந்தார். மகள் ஞாயிற்றுக்கிழமைக்கான திரைச்சீலைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். பார்க்க நல்ல குடும்பப் படம்தான். வாசலிலேயே கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே வந்து ஸ்வெட்டரை மேசையில் வைத்தாள்.

“தோளைத் தைச்சிட்டேன்.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தூக்கிப் பார்த்தார். “எங்க கிழிஞ்சுதுன்னே தெரியல!”

“அம்மான்னா அம்மாதான்” என்றாள் மகள்.

கேட்காமல் விட்டுவிடலாமா? ஞாயிற்றுக்கிழமை தாண்டட்டும் என்று இருக்கலாமா? ஆனால் அப்படி இருந்து இருந்துதானே இத்தனை வருஷமும் போயிற்று.

“அவங்களுக்கு இடது கைப் பழக்கமா?”

அவர் ஸ்வெட்டரை மெதுவாகக் கீழே வைத்தார்.

“யாருக்கும்மா?” என்றாள் மகள்.

மகள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்து, சுவிட்சை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

“நான் லிஃப்ட் பாத்துக்கிட்டிருந்த கட்டடத்துல வாசல்ல வரவேற்பு மேசையில இருந்தா” என்றார் கடைசியில். “உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு…”

“இது நான் பின்னினதுன்னு அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா தைச்சாங்க?”

“நான் தூக்கிப் போடச் சொன்னேன்.” இதைச் சொன்னால் அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நம்பியவர் போல அவசரமாகச் சொன்னார். “ரெண்டு மூணு தரம் சொன்னேன். கேக்கல. இந்தக் கரையைப் போட்டவ எவ்வளவு நேரம் உக்காந்திருப்பா, தூக்கிப் போட மனசு வரலன்னுட்டா.”

என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்தது. நேற்று அவள் கண் கலங்கியது எதற்காகவோ, அது இந்த மனிதர் செய்ததே அல்ல என்று அவள் முகத்தில் எழுதியிருந்தது. ஒரு குளிர்காலம்கூட இதை விடாதவர் இவர் இல்லை.

“அவங்ககிட்ட சொல்லிட்டுத்தான் வந்தீங்களா?” மகளைப் பார்க்காமல் அவள் கேட்டாள்.

“போயிட்டு வரேன்னு சொன்னேன்.”

“வரேன்னு.”

“எல்லாரும் கிளம்பும்போது அப்படித்தானே சொல்லுவோம்.”

இந்த வீட்டிலிருந்து கிளம்பின அன்றும் அப்படித்தான் சொன்னார் என்று அவள் சொல்லவில்லை. அங்கே ஒருத்தி இந்நேரம் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் மேல் கோபப்பட வேண்டும். கோபம் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதற்கடியில் கூச்சம் போல ஒன்று. அத்தனை உருண்டைக் கம்பளி நூலை ஆசை ஆசையாகப் பின்னிக் கொடுத்துவிட்டு, அது எந்தக் குளிரில் எப்படித் தேய்கிறது என்று தான் ஒருநாளும் கேட்கவில்லை என்ற கூச்சம்.

அவர் தையல் டப்பாவைத் திறந்து எதையோ தேடினார். கத்தரியை எடுத்து, கைப்பிடி அவள் பக்கம் இருக்குமாறு திருப்பி நீட்டினார். சாமான்களைக் கொடுப்பதில் எப்போதும் அந்த மரியாதை உண்டு அவருக்கு.

“இதைப் பிரிச்சிடு. கை முழுக்கப் பிரிச்சிட்டு உன் கையால புதுசாப் போடு. ஞாயித்துக்கிழமை நான் அதைப் போட்டுக்கிட்டு உன் பக்கத்துல உக்காருறேன். எல்லாம் பழையபடி ஆயிடும். இதைப் பத்தி இனி ஒரு பேச்சு வேண்டாம்.”

“அப்பா…” என்ற மகள், பாதியில் நிறுத்தி அவள் பக்கம் திரும்பினாள். குரல் சிறுபிள்ளையினுடையது போல ஒலித்தது. “பிரிச்சிடும்மா. ஒரு ஸ்வெட்டர்தானே? அவங்க வர்றதுக்கு மூணு நாள்தான் இருக்கு. நான் எல்லாத்தையும் சொல்லிட்டேன் அவங்ககிட்ட.”

மகளின் கெஞ்சல்தான் கஷ்டமாக இருந்தது. அவருக்கு மறுப்புச் சொல்வது அவளுக்குப் புதிதல்ல. வேறு வேறு சாக்கில் பல வருஷம் சொல்லியிருக்கிறாள். இந்தப் பெண் கேட்டு எதையும் இல்லை என்றதில்லை. பிரித்துவிட்டால் மூன்று நாளில் போட்டுவிடலாம். அடுத்த வாரம் யாருக்கும் எதுவும் தெரியாது. கல்யாணம் நடக்கும். குழாய் சொட்டாது.

அவள் ஸ்வெட்டரை எடுத்துக் கைகளை உள்ளே மடித்து, கழுத்துக் கரையை நீவி மடித்து, அவர் முன்னால் வைத்தாள்.

கத்தரி இன்னும் அவர் கையில் நீண்டபடியே இருந்தது.

“தோள் கிழிஞ்சிருந்துது, தைச்சிட்டேன்” என்றாள். “முழங்கை கிழியல. கிழியாத இடத்தை நான் பிரிக்க மாட்டேங்க.”